ஃப்ரிட்ஜ் கதவில் பத்து "ஷன்"

உங்களுக்குத்தான்,

எழுப்பிப் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

நேற்று ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை நான் வரும்வரை பட்டினி. ஃப்ரிட்ஜ் கதவில் "ஷன்" என்று முடிகிற பத்து இங்கிலீஷ் வார்த்தைகளை ஒட்டிவைத்து, பத்தையும் பார்க்காமல் எழுத்துக்கூட்டினால்தான் திறக்கலாம் என்று சட்டம் போட்டீர்களாமே! எட்டாவது வார்த்தையில் மாட்டிக்கொண்டு கதவைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாருமே இல்லை, திறந்தால் யாருக்குத் தெரியும்? கேட்டால், "அப்பா சொன்னா சொன்னதுதாம்மா" என்கிறாள். வயிறு எரிகிறது எனக்கு.

இன்று அவளுக்கு லீவு. உங்கள் சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அதே பத்து வார்த்தையையும் அவளிடம் ஒப்பித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். அவருக்கும் பாடம் எடுக்காதீர்கள்.

எழுதி முடித்தபின் இன்னொன்று. நான் செருப்பு மாட்டும்போது எழுந்து வந்தாள். "அப்பாவுக்குத் தெரியலைன்னா பாவம்மா, பசிக்கும்ல?" என்று சொல்லிச் சாவியை ஃப்ரிட்ஜ் கதவிலேயே மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நானாக இருந்தால் மாட்டியிருக்க மாட்டேன்.