பொட்டுக்குக் கீழே பம்ப் நம்பர்

மே 12, 2025

இன்று மூன்று சவாரி. மூன்றிலும் தண்ணீரில் இறங்கினேன். இன்ஜின் காது கிழியக் கத்துகிறது, படகு மட்டும் நகர்வதில்லை. பெடல் படகில் வந்த கல்லூரிப் பெண்கள் எங்களை முந்திப் போய், திரும்பி வரும்போது கையசைத்துவிட்டும் போனார்கள். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரைப் பலகையில் ‘கொல்லிமலையின் ஒரே ஜெட் படகு’ என்று எழுதியிருக்கிறது. பொய்யில்லை. ஓடும் என்று எங்கேயும் எழுதவில்லையே.

ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன். செம்மேட்டில் எனக்குப் பெயர் ‘படகு தள்ளுறவரு’. டிரைவர் என்று ஒருத்தர் வாயிலும் வந்ததில்லை. எழுதும்போதே கோபம் வருகிறது.

மே 15

முதலாளி நாச்சிமுத்து பேளுக்குறிச்சியிலிருந்து வந்தார். ஏரிப் படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர்தான். படகைச் சுற்றி வந்து, மாட்டுச் சந்தையில் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஓரி விழாவுக்குள்ள இது ஓடோணும் சாமி. இல்லாட்டி எடைக்குப் போட்ருவேன். நீ பெடல் படகுக்காரங்களுக்கு லைப் ஜாக்கெட் மாட்டி உடு.”

ஆடியில் மலையில் நடக்கும் அந்த விழாவுக்குப் பதினோரு வாரம் இருக்கிறது. படகைச் சீர்செய்ய அவர் யோசனை: புது ஹாரன், இரண்டு பக்கமும் பாயும் புலிப் படம். “பாத்தாலே வேகம் தெரியோணும்” என்றார். தெரியும்தான். புலி மட்டும் பாயும்.

மே 20

பின்மூடியைக் கழற்றினேன். இந்தப் படகுக்கு வெளியே விசிறி கிடையாது. பம்புக்குள் சுழலும் விசிறி, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்ச, படகு முன்னே போகவேண்டும். விசிறிக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில் நூலளவு இடம்தான் இருக்கலாம். என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வந்தது. விசிறியும் வளையமும் தேய்ந்துவிட்டன. வேறு நோய் இல்லை.

உதிரிபாகம் விற்கும் கொச்சிக் கடைக்குப் போன் செய்தேன். “பம்ப் மாடல் நம்பர் சொல்லுங்க” என்றார். நம்பர் பொறிக்கும் தகடு பம்பில் இருக்கிறது. நம்பரைக் காணோம்.

மே 21

நம்பர் ஏன் இல்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

மே 22

எழுதித்தான் தொலைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒன்பது வருஷமும் பம்புக்குச் சந்தனம் வைத்தவன் நானேதான். பம்புக்கு நெற்றி எது? பளிச்சென்று சதுரமாக இருந்தது அந்தத் தகடு ஒன்றுதான். அங்கேயே அப்பினேன், நடுவில் குங்குமம், அதன்மேல் எலுமிச்சம்பழம் நறுக்கித் தேய்த்தேன். துடைக்க மனம் வராது, சாமி காரியம். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் முதலாளி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்வார். பெயிண்ட்மேல் மறு வருஷப் பொட்டு. இன்று சுரண்டினால் பச்சை, சந்தனம், நீலம், சந்தனம், மறுபடி பச்சை... மலை ரோட்டுத் தாரில்கூட இத்தனை அடுக்கு கிடையாது. அடியில் எலுமிச்சை எழுத்தைத் தின்றுவிட்டிருக்கிறது.

என் மனைவி யமுனா பக்கத்தில்தான் அன்னாசி வெட்டி விற்கிறாள். “சாமிக்கு வச்ச பொட்டச் சொரண்டறீங்களே!” என்றாள்.

“நம்பர் வேணும்.”

“அப்பச் சாமிகிட்டயே கேளுங்க.”

ஜூன் 3

ஏரிக்கரையில் இன்று ஆறு நிபுணர்கள். பஸ் டிரைவர் ஒருவர் இது ஜப்பான் பம்ப் என்றார். டீக்கடைக்காரர் ஜெர்மனி என்றார். மிளகு வியாபாரி, எந்த நாட்டுப் பம்பானாலும் மலைத் தண்ணிக்கு ஒத்துக்காது என்றார். இந்தக் கருத்தைப் பாதிப்பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணீர் வெளியேறும் வாயைக் கயிற்றால் அளந்தார். “வாயே இவ்வளவுன்னா வயிறு எவ்வளவு இருக்கும்?” ஒரு சுற்றுப் பெரிதாகவே விசிறி ஆர்டர் போட்டார், அதுவும் போனிலேயே, ஏதோ ஒரு கம்பெனியில். நம்பர் தெரியாமல் வேண்டாமுங்க என்றேன்.

“நம்பரு நம்பருன்னு... நீ என்ன லாட்டரியா பாக்கற?”

ஜூன் 19

பெரிய விசிறி வந்தது. பம்புக்குள் நுழையவில்லை. பம்பே அதற்குள் நுழைந்துவிடும் போலிருக்கிறது. திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

ஜூன் 21

அதை நுழைவாயிலில் தொங்கவிட்டாயிற்று. செல்ஃபி எடுக்க வரிசை நிற்கிறது. “பாத்தியா, வீணாகல” என்கிறார் முதலாளி.

ஜூன் 24

சின்ன வயதில் காசுமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அது ஞாபகம் வந்தது. தகட்டில் தேய்த்துப் பார்த்தேன். எழுத்து எழுந்து வந்தது! கடைசி எண் மட்டும் மூன்றா எட்டா தெரியவில்லை.

வளையத்தைக் கழற்றிக்கொண்டு லேத் பட்டறை ராசுவிடம் போனேன். தேயாத ஓரமாகப் பார்த்து வெர்னியர் அளவுகோலால் அளந்து சொன்னார். அந்த அளவைக் கேட்டதும் கொச்சிக்காரர், “அப்ப மூணுதான்” என்றார். ஆறு நிபுணர் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். ராசு அரை நிமிஷம் அளந்தார், அளவைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

பழைய அலுமினிய விசிறிக்குப் பதில் அதே அளவில் எஃகு விசிறி, கூடவே புது வளையம். முதலாளியிடம் ஒரு மணி நேரம் கெஞ்சினேன். “பழசவிடச் சின்னதா இல்லையே?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

ஜூலை 16

புது விசிறியும் வளையமும் வந்தன, மாட்டிவிட்டேன். படகைக் கம்பத்தில் கட்டிவைத்தே முடுக்கினேன். பின்னால் நின்ற முதலாளி தலையிலிருந்து வேட்டிவரை நனைந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன். ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை ஒன்பது நொடி. வருஷத்துக்கு ஒரு நொடி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அக்கரையில் நிறுத்திவிட்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஓரி விழா. நாற்பது சவாரி. ஒரு தடவைகூட நனையவில்லை.

ஆகஸ்ட் 5

படகு ஓடுகிறது என்று கேள்விப்பட்டு இன்சூரன்ஸ் ஆள் வந்தார். “வேகமாப் போற படகாச்சே, ஓட்றவர் லைசென்ஸ் எங்க?” என்றார். ஒன்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை. தள்ளுவதற்கு எவன் லைசென்ஸ் கேட்பான்?

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார்: “கடலோரத்துல இருந்து ஆளு வரச் சொல்லிட்டேன். நீ ஜாக்கெட்ட பாத்துக்க கண்ணு.”

நான் சீர்செய்த படகு. ஓடாதவரைக்கும் என்னுடையது. ஓடினதும் நான் வேண்டாமா?

ஆகஸ்ட் 10

லைசென்ஸ் டிரைவர் அருள்பிரகாஷ் வந்துசேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் கடலில் ஓட்டியவர். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே ஆள் வெளிறிப்போயிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவில் நாற்பதாவதிலிருந்து வாந்தியாம். யமுனா எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை.

“கடல் அடிச்சாக்கூட ஒரு ஒழுங்கா அடிக்கும்ணே” என்றார். படகைப் பார்க்காமலே மத்தியான பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டார். இறங்கும்போதும் அதே எழுபது இருக்கிறது. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, எதற்கு மறைக்க?

ஆகஸ்ட் 14

முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். சுதந்திர தினக் கூட்டம் வரப்போகிறது.

“லைசென்ஸ் கெடக்குது உடு. நீயே ஓட்டு சாமி.”

“லைசென்ஸ் இல்லாம ஓட்டமாட்டனுங்க. பயிற்சிக்கு அனுப்புங்க. சம்பளம் நிக்கக்கூடாது. திரும்பி வந்தா நாந்தான் ஓட்டுவேன், அத எழுதிக் குடுங்க.”

இத்தனையும் நானா பேசினேன்? உள்ளே யமுனா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். முதலாளி கூரையைப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

ஆகஸ்ட் 25

தூத்துக்குடி. பயிற்சி தொடங்கி நான்கு நாள் ஆகிறது. வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம்.

காலையில் யமுனா போனில் ஒரு படம் அனுப்பினாள். ஏரிக்கரையில் படகைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். மேலே புதுப் பலகை, முதலாளி கையெழுத்து: ‘டிரைவர் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் படகு ஓடும்.’

முதல் வார்த்தையில் வெயில் விழுந்து சரியாகத் தெரியவில்லை என்று யமுனாவிடம் சொன்னேன். கிட்டே போய் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.