முன்பக்க ஷாக்

நாகஜோதி,

உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேற்று வாசலிலேயே ஜாக்கி போட்டு, பிக்கப்பின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு தர்மராஜ் கூட நின்றான். ஸ்பிரிங்கைக் கிளாம்பு போட்டு இறுக்கும்போது, "ஏலே, இப்ப எதுக்கு இது?" என்று கேட்டான். கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

கழற்றிய பழைய ஷாக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே போனது திரும்பி வரவேயில்லை. அன்று பாம்பன் ரோட்டில் ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, தூக்கித் தூக்கிப் போடுது" என்றாய். "மீன் கெட்டுப்போகும். ஷாக்க அடுத்த மாசம் மாத்திக்கிருவோம்" என்றேன்.

"வண்டி குலுங்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். உன் அம்மாவும் அதையே சொன்னார்கள். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு எடுத்த சேலையைப் பரணில் வைத்துவிட்டேன். இங்கே வந்தால் உன் கண்ணில் படாது.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வீட்டுக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். வண்டியை எடுக்கமாட்டேன், பஸ்ஸில்தான் வருவேன். கூடவே கிளம்பி வா என்று கேட்கமாட்டேன். வாசலில் நிற்பேன். நீ உள்ளே கூப்பிட்டால் வருவேன்.

உன் வீட்டுக்காரன்