அறுபதுக்குக் கீழே வந்தால்

அப்பாவுக்கு வணக்கம். மூச்சிரைப்பு குறைந்ததா?

எண்பது செம்மறிகளில் நாற்பதுக்கு இன்று ஸ்கேன் பார்த்தார்கள். முப்பத்தெட்டு சினை என்று கால்நடை டாக்டர் சொன்னார். எல்லாம் ஒரே வாரத்தில் குட்டி போடுவதற்காக ஆடுகளின் கருவாயில் ஹார்மோன் பஞ்சு வைத்தவன் நான்தான். பதினான்கு நாள் கழித்துப் பஞ்சை எடுத்த தேதியிலிருந்து எண்ணாமல், வைத்த தேதியிலிருந்து நாள் எண்ணிவிட்டேன். அந்தக் கணக்கை நம்பி ஆபரேஷனுக்கு நாள் சொன்னதால், குட்டி போடும் வாரமும் உங்கள் ஆபரேஷன் வாரமும் ஒன்றாகிவிட்டன.

லீவு கேட்டதும் முதலாளி சிரித்தார். “சினை மொத்தம் அறுபதுக்குக் குறைஞ்சா இருக்கிற ஆளே போதும், நீ ஊருக்குக் கிளம்புப்பா. ஆனா கை வச்சது நீயாச்சே, குறையுமா?”

என் வேலை பலிக்கக் கூடாது என்று முதன்முறையாக நினைக்கிறேன்.

“நீ வந்தாதான் கத்தி வைக்க விடுவேன்” என்கிற பிடிவாதம் வேண்டாம், அப்பா. தேதியைத் தள்ளாதீர்கள். அக்கா என்னோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள்; உங்கள் இருமலாவது கேட்கும்.

ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, ஓடுகிறேன். மீதி நாற்பதுக்கு வெள்ளிக்கிழமை காலை ஸ்கேன். மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

உங்கள் மகன்