இடது பக்கம், கீழே இருந்த கல்

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அங்கே உன் சுகத்தை எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியாமல் இந்த வரியையே எழுதி எழுதிக் கிழித்தேன். அப்பா காலை வண்டிக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனைத்தான் எடுக்கமாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரி.

நேற்று நீ கூப்பிட்டபோது நான் மியூசியத்தில் அந்த வெள்ளிப் பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தேன், மூடி முழுக்கச் சிவப்புக் கல் பதித்தது, படம் அனுப்பினேனே, அதுதான். அதன் பழைய விவரச் சீட்டில் எல்லாம் மாணிக்கம் என்றிருக்கிறது, ஆனால் இடது கீழ் மூலையில் ஒரு கல் மட்டும் முதல் நாளிலிருந்தே உறுத்தல். லென்ஸில் பார்த்தால் உள்ளே குண்டு குண்டாகக் காற்றுக்குமிழ், விளிம்பெல்லாம் மழுங்கல், சந்தேகமே இல்லை, மினுமினுப்புக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்த கண்ணாடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து நீ "அம்மா, கல்லும்மா" என்றாய். படத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாளே, யார் பெண் என்று பூரித்துப்போய், "எந்தப் பக்கம், சொல்லு பார்ப்போம்" என்றேன். நீயும் "இடது பக்கம், கீழ" என்று சரியாகச் சொல்லித் தொலைத்தாய்! "எடுத்துடணுமாம், பயமா இருக்கும்மா" என்றதைக்கூடப் பழம்பொருள்மேல் உனக்கு வந்த பாசம் என்றே நினைத்து, "எடுக்கவே கூடாதுடி, பின்னாடி தகடு இருக்கும், கிழிஞ்சுடும். இவ்வளவு காலம் இருந்த கல்லு, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். பெற்றவள் பார்த்த வைத்தியம்.

சாயங்காலம் அப்பாதான் மியூசியத்துக்குப் போன் பண்ணிச் சொன்னார். "அவளுக்குக் கிட்னியில கல்லு. 'அம்மா வேணாம்னுட்டாங்க'ன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கா. கிட்னிக்கு ஏதுடி தகடு?" நான் அழுத அழுகையில் எங்கள் மேலதிகாரி அம்மா ஓடிவந்து, "ஒரு கல்லு கண்ணாடியாப் போனதுக்கா இப்படி அழறீங்க, சீட்டை மாத்திக்கலாம்மா" என்று தண்ணீர் கொடுத்தார். காலேஜ் முடிக்கும் முன்பே உன்னைப் பெற்றவள், அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கியவள், இப்போது செவிடு என்றும் வாங்கியாகிவிட்டது.

கண்ணு, வீம்பு வேண்டாம். டாக்டர் சொன்னபடி எடுத்துவிடு. சின்னக் கல்தான், ஆனால் வழியை அடைத்தால் கிட்னிக்கே கெடுதலாம். அவர் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் குடி, வலியை மறைக்காதே. எடுத்த கல்லை அவர்கள் சோதனைக்கு அனுப்புவார்கள், நான் லென்ஸோடு குறுக்கே நிற்கமாட்டேன். மிச்சம் இருந்தால் ஒரே ஒரு தடவை பார்ப்பேன், அவ்வளவுதான், திட்டாதே.

"அப்பா மட்டும் வரட்டும், அம்மா வேண்டாம்" என்றாயாம். நியாயம்தான். ஆனால் உன்னை உள்ளே கொண்டுபோகும்போது நான் வெளியே எந்த மூலையிலாவது நின்றுகொள்கிறேன், கல்லைப் பற்றி வாயே திறக்கமாட்டேன். வரச் சொல்லி ஒரு வார்த்தை போதும். நீ சொல்லாவிட்டாலும் அந்த வெள்ளிப் பெட்டியை மூடிப் பூட்டிக் கொடுத்துவிட்டு, என் துணிப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன்.

நோய் நொடியில்லாமல் நீ நூறு வருஷம் இரு. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. அப்பா ஊட்டிவிட்டால் சாப்பிடு.

போன் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
உன் அம்மா