அவன் வயிற்றுக்குள் என் கை

என் உயிரான முருகேசண்ணனுக்கு,

உன்னை வெட்டிக் கொன்றவனை நேற்று என் கையில் கொடுத்தார்கள், அண்ணே. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் துடைத்து, பச்சைத் துணி போர்த்தி.

நான் வேலை பார்க்கும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் ரோபோ வந்துவிட்டது. டாக்டர் மூலையில் ஒரு பெட்டிக்குள் கண்ணைப் பதித்து உட்கார்ந்திருப்பார். அவர் விரலை அசைத்தால் நோயாளியின் வயிற்றுக்குள் ரோபோவின் கைகள் வெட்டும், தைக்கும். பக்கத்தில் நின்று குழாய் வழியாக ரத்தத்தை உறிஞ்சுவது நர்ஸான என் வேலை. உள்ளே இருக்கும் ரத்த நாளங்களை ஏ.ஐ. கண்டுபிடித்துத் திரையில் நீல வண்ணம் பூசிக் காட்டும். தெரியாமல்கூட அங்கே பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

எனக்கு அது, இங்கே குத்து என்று காட்டுவது போல இருந்தது.

கீரமங்கலம் பூச்சந்தையில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, கழுத்து பாதி தொங்கக் கிடந்தாயே! ஒரு வரப்புத் தகராறுக்காக. எத்தனை பேர் பார்த்தார்கள்? கோர்ட்டில் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. அவன் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தான். அவன் சாவுச் செய்திக்காக அம்மா இன்னும் காத்திருக்கிறாள். வேறு நர்ஸை நிற்க வையுங்கள் என்று நான் ஏன் சொல்லவில்லை? சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய சிறுநீரகத்தில் கட்டி. அதற்குப் போகும் பெரிய நாளத்துக்குக் கிட்டே குழாயின் நுனியைக் கொண்டுபோனேன். உடனே எச்சரிக்கை மணி அடித்தது.

"சிஸ்டர், அங்கிட்டு ஏன் போறீங்க? இங்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில், ஏ.ஐ. வண்ணம் பூசாமல் விட்ட ஒரு நாளம் அறுந்தது. திரை முழுக்க ரத்தம். நீலமெல்லாம் மறைந்தது, இனி மணியும் அடிக்காது.

"உறிஞ்சுங்க சிஸ்டர்! எனக்கு ஒண்ணுமே தெரியல!"

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அண்ணே. சும்மா நின்றால் போதும். என்னை எந்தக் கோர்ட்டும் கேட்காது.

செத்துத் தொலைடா என்று முகமூடிக்குள் முனகினேன். முனகிக்கொண்டே உறிஞ்சினேன். அறுந்த இடம் தெரிந்ததும் துணித் துண்டை உள்ளே விட்டு, டாக்டர் தைத்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

இன்று காலை வார்டில் அவன் என்னைக் கும்பிட்டான். "ஒங்க கையாலதான் பொழச்சேனாம். நல்லாயிருங்க தாயி. எந்த ஊரு?"

முகமூடியை இறக்கினேன். "கீரமங்கலம். நீ வெட்டுன முருகேசோட தங்கச்சி."

அவன் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான். "உள்ள என்னத்த வச்சே?" என்றான். "சொல்லு தாயி, என்னத்த வச்சே?"

ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் திரும்பி நடந்தேன். அவன் எத்தனை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும், என் காலில் விழுந்து கேட்டாலும், அவன் சாகிறவரை சொல்ல மாட்டேன், அண்ணே. உன்மேல் ஆணை.

உன் கூடப்பிறந்தவள்,
வளர்மதி