நீ இளைத்த மாதங்கள்

இன்று காலை குக்கரைத் திறந்ததும் கொள்ளு வெந்த மணம் வீடெங்கும் பரவியது. உனக்குப் பிடிக்காத மணம். "குதிரைக்குப் போடறதை எனக்குப் போடறியேடீ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே அந்தக் கஞ்சியைக் குடிப்பாய். மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் நல்ல வேலையை விட்டுவிட்டு உணவுமுறையும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றபோது, வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆபீசில் எட்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த நீ மட்டும், பழவங்காடிப் பிள்ளையாருக்கு என் பெயரில் தேங்காய் உடைத்துவிட்டு, நான் வாடகைக்கு எடுத்த மாடியறைக்கு வந்தாய். "மொதல் பேரு என்னோடது எழுதிக்கோ. தொப்பை போனா ஒன் கைராசி, போகலேன்னா என் தலையெழுத்து."

இரண்டு மாதம் எடை அசையவே இல்லை. மூன்றாம் மாதம் மளமளவென்று இறங்கியது. "இப்பல்லாம் பசிக்கவே மாட்டேங்கறதுடீ. ரெண்டு வாய் சாப்ட்டா வயிறு ரொம்பிடறது" என்றாய். "உடம்பு பழகிடுச்சு, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு! தொளதொளத்த சுடிதாரை இடுப்பில் பிடித்துக்கொண்டு நீ சிரித்ததைப் படமெடுத்து இணையத்தில் போட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறை நிறைந்தது.

ஐந்தாம் மாதம் குடித்த கஞ்சியும் உன் வயிற்றில் தங்கவில்லை. புற்றுநோய், பரவிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்கலேன்னு நீ சொன்னப்பவே டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்" என்று அழுதேன்.

"சாரமில்லடீ, போகட்டும். நானும்தானே சந்தோஷப்பட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் ஏமாந்தோம், கேட்டியா." பிறகு, "அந்தப் போட்டோவை ஏன் நெட்லேர்ந்து எடுத்துட்டே? அதுல நான் நன்னா இருந்தேன்" என்றாய். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

ஆறு மாதம் அறையைப் பூட்டி வைத்திருந்தேன். மறுபடி திறந்தபோது, இளைத்தவர்களின் படம் எதையும் போடவில்லை. இப்போது யார் வந்தாலும், எடை பார்ப்பதற்கு முன் நன்றாகப் பசிக்கிறதா என்று கேட்கிறேன்.

போன மாதம் நாகர்கோவில் பெண்ணொருத்தி, இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள், துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒண்ணும் செய்யாமலே ஆறு கிலோ போச்சு!" நான் கைதட்டவில்லை. முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்றேன். முகம் வாடிப் போனாள். மாலையில் அவளே அழைத்தாள். "தனியாப் போகப் பயமாட்டு இருக்கு அக்கா. நீங்க கூட வருவீங்களா?"

மறுநாள் டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அவளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தைராய்டுதான், மருந்தில் சரியாகும் என்றார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பின் போகத் தயங்கும் எவரையும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் நன்றி சொல்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டிய பெஞ்சு அது என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.