மகளுக்கு நீங்கள் வைத்த பெயர்

அலுமாரியைத் திறந்தால் இன்னும் டீசல் மணக்கிறது. மூதூருக்கு லாஞ்ச் படகு ஓட்டிய உங்கள் காக்கிச் சட்டையை எத்தனை தரம் அலசியும் அந்த மணம் போகவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் மகள் இன்று அதை வெளியே எடுத்து, குழந்தையின் மூக்கருகே பிடித்து, "அம்மப்பாவின்ர மணம்" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, எனக்கு மாதுமை எண்டு பேர் வைச்சது ஆர்?"

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து, தன் மகளுக்கு அவள் பெயர் வைக்க வேண்டும். அதற்குத்தான் கேட்டாள். கேட்பதற்கு இவளுக்கு வேறு கதையா கிடைக்கவில்லை?

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருஷம் அவள் பிறந்தாள். நான் சரோஜா என்று மனதுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன். நீங்கள் லாஞ்சைக் கட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். பிள்ளையைத் தூக்கிய கையோடு, "மாதுமை எண்டு வைப்பம். கோணேசர் கோயில் அம்மாளின்ர பேர்" என்றீர்கள். அம்மாளின் பெயருக்கு யார் மறுப்புச் சொல்வது? திருகோணமலையில் தெருவுக்கு ஒரு மாதுமை இருக்கிறாள். என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் வாசலையே மிதிக்காத மனிதனுக்குள் இவ்வளவு பக்தியா என்று நானும் ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன். என்னைப் போல ஒரு விசரி இருப்பாளா!

பிள்ளைக்கு எட்டு வயதிருக்கும்போது, மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியில் உங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். குசினிக்குள் இருந்து உங்கள் அம்மா, "மாதுமை, இஞ்ச ஒருக்கா வா!" என்று குரல் கொடுத்தா. நம் பிள்ளை ஓடினாள். முற்றத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒருத்தியும், "ஓம் மாமி" என்று எழுந்தாள். நல்ல உயரம். கூந்தல் இடுப்புக்குக் கீழே.

மாமி சிரித்தா. "இவள் என்ர அண்ணன்ர மகள். முதல் இவளைத்தான் அவனுக்குப் பேசினது. சாதகம் பொருந்தேல்ல." பருப்புக்கு உப்புப் போதாது என்பதைப்போலச் சொன்னா. அத்தனை வருஷமும் உங்கள் குடும்பம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது. போதாததற்கு, சின்ன வயதுப் பழக்கமாம், அவள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டிய நான் 'இஞ்சாருங்கோ' என்று நிற்கிறேன். அவள் வாய் நிறையப் பெயர் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஆர்ர பேர் அது?"

"அம்மாளின்ர பேர்தான்."

"எந்த அம்மாளின்ர?"

நீங்கள் கால் கழுவப் போய்விட்டீர்கள். கழுவினீர்கள், கழுவினீர்கள், அப்படிக் கழுவினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பிள்ளையைக் கொஞ்சும்போதெல்லாம் நான் சட்டி பானையை உருட்டினேன். லாஞ்ச் பிந்தினால் ஊரார் காற்றைச் சொல்வார்கள், நான் கிளிவெட்டியைச் சொல்வேன். உங்கள் செத்த வீட்டுக்கும் வந்தாளே! என் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவள் எவ்வளவு அழுகிறாள் என்று பார்த்திருந்தேன். அதிகம்தான் அழுதாள்.

ஆகவே இன்று மகளுக்குச் சொல்லிவிட்டேன். "நான்தான் வைச்சனான். நீ வயித்தில இருக்கேக்க அம்மாளுக்கு நேந்தனான். அப்பா சரோஜா எண்டு நிண்டவர். நான் விடேல்ல."

"அப்பாவோட சண்டை பிடிச்சனீங்களோ?"

"பின்ன?"

அவளுக்கு ஒரே சந்தோஷம். இனி இந்தக் கதை அவள் பிள்ளைக்கும் போகும். மறுத்துப் பேச நீங்கள் இல்லை. கோபமென்றால் கோபித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை அந்தக் கிளிவெட்டிக்காரியிடமிருந்து நான் பறித்துவிட்டேன்.

ஆனால் மகள் அதோடு விட்டாளா? சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள், "அப்பா கடைசியாக் கூப்பிட்டதும் என்ர பேரைத்தானே அம்மா."

ஓம். அன்றைக்குக் கண்ணை மூடியபடி, "மாதுமை" என்றீர்கள். மகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். நான் உங்கள் தலைமாட்டில்தான் இருந்தேன்.

"உன்னைத்தான் பிள்ளை கூப்பிட்டவர்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். எனக்குத்தான் சொல்ல ஆளில்லை. நம் பிள்ளையைத்தானே கூப்பிட்டீர்கள்?